ஊருக்கே திரும்பலாமா? அமெரிக்கத் தமிழ்க் குடும்பம் டிக்கெட் போடும் முன்

டல்லாஸ், நியூஜெர்சி, பே ஏரியா என்று எங்கே இருந்தாலும், பத்து வருடம் தாண்டிய தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பேச்சு வராமல் இருப்பதில்லை: “பேசாம ஊருக்கே போயிடலாமா?” போகலாமா கூடாதா என்பது உங்கள் வீட்டு முடிவு, அதில் நான் மூக்கை நுழைக்கப் போவதில்லை. ஆனால் திரும்பி வந்து கையைச் சுட்டுக்கொண்டவர்களை நிறையப் பார்த்தாகிவிட்டது. அவர்களைக் கவிழ்த்தது பெரும்பாலும் வரிசைதான். டிக்கெட்டைப் போட்டுவிட்டு வரியைப் பற்றி விசாரித்தார்கள். மனையைப் பதிவு செய்துவிட்டுப் பள்ளி தேடினார்கள். கீழே இருப்பதில் பாதியை இந்த வாரமே தொடங்கிவிடலாம்.

செய்ய வேண்டியவை

• ஊரை முடிவு செய்யும் முன் தேதியை முடிவு செய்யுங்கள். இந்திய வரி வருடம் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. அதில் 182 நாள் இங்கே இருந்துவிட்டால் நீங்கள் இந்தியாவில் வசிப்பவர். ஜூலையில் வந்து இறங்கினால் அந்த வருடமே கணக்கில் வந்துவிடும்; அக்டோபர் முதல் வாரம் தாண்டி இறங்கினால் பெரும்பாலும் இன்னொரு வருடம் என்.ஆர்.ஐ.யாகவே கழியும். அதே வருடம் மே மாதத்தில் அக்கா மகள் கல்யாணத்துக்கு வந்துபோன நாட்களும் இந்தக் கூட்டலில் சேரும். முந்தைய நான்கு வருடங்களில் மொத்தம் 365 நாள் இங்கே இருந்திருந்தால், நிரந்தரமாகத் திரும்புகிறவருக்கு வரம்பு 60 நாளாகச் சுருங்கிவிடும். பாஸ்போர்ட் முத்திரைகளை வைத்துக்கொண்டு இன்று இரவே எண்ணிப் பாருங்கள்.

அதற்கு அடுத்து வருவது ஆர்.என்.ஓ.ஆர். என்ற சலுகைக் காலம். முந்தைய 10 வருடத்தில் 9 வருடம் என்.ஆர்.ஐ.யாக இருந்தவருக்கும், முந்தைய 7 வருடத்தில் 729 நாளுக்கு மேல் இந்தியாவில் இல்லாதவருக்கும் இது கிடைக்கும். வழக்கமாக இரண்டு வருடம், சிலருக்கு மூன்று. அந்தக் காலத்தில் உங்கள் அமெரிக்க வட்டிக்கும் வாடகைக்கும் பங்கு லாபத்துக்கும் இங்கே வரி இல்லை; பணம் முதலில் அமெரிக்கக் கணக்கில் வந்து விழுந்தால் போதும். யாரும் உங்களைக் கூப்பிட்டு இதைச் சொல்ல மாட்டார்கள். தெரியாமலே இந்தக் காலத்தைக் கழித்துவிட்டு, நாலாம் வருடம் பங்கை விற்று வரி கட்டியவர்கள் உண்டு.

• அமெரிக்க வீட்டை விற்பதா, வாடகைக்கு விடுவதா என்பதை அதே காலண்டரில் குறியுங்கள். விற்பதற்கு முந்தைய 5 வருடத்தில் 2 வருடம் அதில் குடியிருந்திருந்தால், லாபத்தில் ஒருவருக்கு 2.5 லட்சம் டாலர், தம்பதிக்கு 5 லட்சம் டாலர் வரை அமெரிக்க வரி இல்லை. அதாவது காலி செய்த பிறகு சுமார் மூன்று வருடம் கையில் இருக்கிறது. ஆனால் ஆர்.என்.ஓ.ஆர். அதற்கு முன்பே முடிந்துவிடலாம். முடிந்த பிறகு விற்றால் இந்தியா தன் பங்கைக் கேட்கும். இரண்டில் எது முன்னால் முடிகிறதோ அதுதான் உங்கள் கெடு. விசாவில் இருந்தவர் நாடு திரும்பிய பின் விற்றால், வாங்குகிறவர் விலையில் 15 சதவீதம் வரை பிடித்து அமெரிக்க வரித்துறைக்குக் கட்டுவார். ரிட்டர்ன் போட்டுத்தான் மீதியைத் திரும்ப வாங்க வேண்டும்.

• வருடத்தைத் தீர்மானிக்கும்போது பிள்ளையின் வகுப்பைப் பாருங்கள். சி.பி.எஸ்.இ.யில் 10-ஆம் வகுப்பிலும் 12-ஆம் வகுப்பிலும் புதிதாக நேரடியாகச் சேர்க்க மாட்டார்கள், விதிவிலக்குகள் குறைவு. எட்டாம் வகுப்புக்குள் வந்து சேர்வது எல்லாருக்கும் நல்லது. அதைத் தாண்டினால் ஐ.பி. அல்லது ஐ.ஜி.சி.எஸ்.இ. பள்ளிதான் சுலபமான வழி, ஃபீஸ் அதற்கேற்றபடி இருக்கும்.

• தமிழ்ப் பாடத்தைப் பற்றிப் பள்ளியில் நேராகக் கேளுங்கள். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தமிழ் கட்டாயப் பாடம். வாரக் கடைசித் தமிழ்ப் பள்ளியில் ஆத்திசூடி ஒப்பித்த பிள்ளைக்கு ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் மலையாகத் தெரியும். கிளம்புவதற்கு ஆறு மாதம் முன்பே தினம் அரைமணி நேரம் தொடங்குங்கள். கூடவே ஒரு நாலு கோடு நோட்டும் வாங்குங்கள். குரோம்புக்கில் தட்டியே பழகிய கை, இங்கே கரும்பலகையில் இருப்பதைக் கூட்டெழுத்தில் நோட்டில் இறக்குவதற்குள் மிஸ் பலகையை அழித்துவிடுவார். பிள்ளை முதல் வாரம் அழுவது பெரும்பாலும் இதற்காகத்தான். கொசுவுக்கோ வெயிலுக்கோ அல்ல.

• பிறப்பு, திருமணச் சான்றிதழ்களுக்கு அங்கேயே அப்போஸ்டில் வாங்குங்கள். சான்றிதழ் கொடுத்த மாநிலம்தான் முத்திரையும் போடும். பிள்ளை நியூஜெர்சியில் பிறந்து நீங்கள் டெக்சாஸில் இருந்தால், காகிதம் நியூஜெர்சிக்குத்தான் போக வேண்டும். இதைச் சென்னையில் உட்கார்ந்துகொண்டு செய்வது தலைவலி.

• பிள்ளையின் ஓசிஐ, பாஸ்போர்ட் இரண்டையும் கிளம்புமுன் புதுப்பித்த நிலையில் வையுங்கள். 16 வயதுக்குள் வாங்கும் அமெரிக்க பாஸ்போர்ட் 5 வருடம்தான் செல்லும். பெயரின் எழுத்து எல்லாக் காகிதத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்பா பெயர் இனிஷியலா, கடைசிப் பெயரா என்ற நம் ஊர்க் குழப்பம் பள்ளி அட்மிஷனில்தான் வெடிக்கும்.

• தடுப்பூசிப் பதிவு, மதிப்பெண் பதிவு, டாக்டர் குறிப்புகள் எல்லாவற்றையும் கையோடு வாங்குங்கள். பல் வேலை பாக்கி இருந்தால் இன்சூரன்ஸ் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

• ஓர் அமெரிக்க போன் நம்பரை உயிரோடு வைத்திருங்கள். வங்கியானாலும் ஓய்வூதியக் கணக்கானாலும் பணத்தைத் தொட ஓ.டி.பி. வேண்டும், அது பழைய நம்பருக்குத்தான் வரும். நம்பரை ரத்து செய்துவிட்டு வந்தவர், தன் பணத்தைத் தானே எடுக்க முடியாமல் நள்ளிரவில் கஸ்டமர் கேரிடம் கெஞ்சிக்கொண்டிருப்பார். இணைய வழி நம்பர்களைச் சில வங்கிகள் ஏற்பதில்லை. அதனால் மலிவான ப்ரீபெய்ட் பிளானுக்கு நம்பரை மாற்றி, வைஃபை காலிங் போட்டு, அடுத்த முறை விடுமுறைக்கு வரும்போதே ஓ.டி.பி. இங்கே வந்து சேர்கிறதா என்று சோதித்துவிடுங்கள். நம்பிக்கையான நண்பர் வீட்டு முகவரி ஒன்றும் வேண்டும். அமெரிக்க வரித்துறை இன்னமும் கடிதம்தான் போடுகிறது.

• வந்து இறங்கியதும் இந்திய வங்கிக்குச் சொல்லுங்கள். நிரந்தரமாகத் திரும்பிய நாளிலிருந்தே அந்நியச் செலாவணிச் சட்டப்படி நீங்கள் இங்கே வசிப்பவர். வருமான வரிக் கணக்கில் இன்னும் என்.ஆர்.ஐ.யாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை. என்.ஆர்.இ. கணக்கைச் சாதாரணக் கணக்காகவோ ஆர்.எஃப்.சி. கணக்காகவோ மாற்ற வேண்டும். எஃப்.சி.என்.ஆர். டெபாசிட் மட்டும் முதிர்வு வரை ஓடலாம். “என்.ஆர்.இ. வட்டிக்குத்தான் வரி இல்லையே” என்று வருடக்கணக்கில் அப்படியே விட்டவர்கள் பிறகு வட்டியும் முதலுமாக வரித்துறைக்குப் பதில் சொல்கிறார்கள். டாலராகவே வைத்துக்கொள்ள ஆர்.எஃப்.சி. நல்ல இடம், ஆர்.என்.ஓ.ஆர். காலத்தில் அதன் வட்டிக்கும் வரி இல்லை.

• இந்திய மருத்துவக் காப்பீட்டை அங்கிருந்தே எடுங்கள். ஏற்கனவே இருக்கும் சர்க்கரை, பி.பி.க்கு அதிகபட்சம் 3 வருடம் காத்திருப்புக் காலம் போடலாம். முதல் 30 நாளில் விபத்து தவிர எதற்கும் கிளெய்ம் கிடையாது. பாலிசியை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறீர்களோ அவ்வளவு நல்லது. உள்ள நோயை மறைக்காமல் எழுதுங்கள்.

• சோஷியல் செக்யூரிட்டி கிரெடிட்டை எண்ணுங்கள். ஓய்வூதியத்துக்கு 40 வேண்டும், வருடத்துக்கு நாலு. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே இதற்கு ஒப்பந்தம் இல்லாததால் இங்கே கட்டும் பி.எஃப். வருடங்கள் அதில் சேராது. 36-ல் நிற்கிறீர்களா? டிசம்பரில் கிளம்பாதீர்கள். கிரெடிட் சம்பாதித்த தொகையைப் பொறுத்தது; ஐடி சம்பளத்தில் புது வருடத்தின் முதல் ஓரிரு மாதமே அந்த நாலையும் கொடுத்துவிடும்.

• அப்பா அம்மாவிடம் “உங்களுக்காகத்தான் வர்றோம்” என்று சொல்லும் முன், யார் எங்கே இருப்பது என்று பேசுங்கள். ஒரே வீடா, பக்கத்துத் தெருவா? அவர்கள் கும்பகோணத்தை விட்டு வர மாட்டார்கள், உங்கள் வேலை சென்னையில் என்றால், நீங்கள் திரும்பியும் அவர்களுக்கு வாரக் கடைசி விருந்தாளிதான். இத்தனை வருடம் கூட இருந்து பார்த்துக்கொண்ட அண்ணனிடமும் அண்ணியிடமும் பேசுங்கள். அவர்களுக்குத்தான் ஆஸ்பத்திரி, மாத்திரை, சொத்துவரி எல்லாம் தெரியும். மனைவியை இந்தப் பேச்சில் கடைசியாகச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அங்கே டீம் லீடாக இருந்தவர் இங்கே வந்ததும் மருமகளாக மட்டும் ஆகிவிட்டால், இரண்டாம் வருடம் மறுபடி பெட்டி கட்டுவீர்கள். அவருடைய வேலை, வீட்டு உதவிக்கு ஆள், மாமியார் வீட்டு எதிர்பார்ப்பு மூன்றையும் வாய்விட்டுப் பேசி முடித்த பிறகு தேதியைச் சொல்லுங்கள்.

• சென்னையில் வீடு பார்ப்பதானால் நவம்பர், டிசம்பரில் வந்து பாருங்கள். ஜூலை விடுமுறையில் எல்லாத் தெருவும் காய்ந்துதான் கிடக்கும். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் தண்ணீர் எங்கே நின்றது என்று தெருமுனை டீக்கடைக்காரர் சொல்வார், புரோக்கர் சொல்ல மாட்டார்.

• திரும்பிப் போகும் கதவை இரண்டு வருடம் திறந்து வையுங்கள். கிரீன் கார்டு இருந்தால் ரீ-என்ட்ரி பர்மிட்டுக்கு விண்ணப்பியுங்கள். 2 வருடம் வரை கிடைக்கும். ஆனால் விண்ணப்பிக்கும்போது நீங்கள் அமெரிக்காவில் இருந்தாக வேண்டும், விமானம் ஏறிய பிறகு முடியாது. எச்-1பி.யில் இருப்பவருக்கு ஆறு வருடத்தில் மிச்சம் இருப்பதைப் பிறகு பயன்படுத்த விதி இடம் தருகிறது. ஐ-140 அங்கீகரிக்கப்பட்டிருந்தால் கிரீன் கார்டு வரிசைத் தேதியும் பொதுவாக உங்களுடையதே. அந்தக் காகிதங்களின் நகலைக் கம்பெனியிடம் இப்போதே கேட்டு வாங்குங்கள். ஆனால் அதை மட்டும் நம்பி வராதீர்கள்: வெளிநாட்டில் இருப்பவருக்குப் புதிதாகப் போடும் எச்-1பி மனுவுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று 2025 செப்டம்பரில் அறிவித்தார்கள். அதைக் கட்டி உங்களைக் கூப்பிடும் கம்பெனி அரிது.

செய்யக்கூடாதவை

• முதல் வருடம் வீடோ மனையோ வாங்காதீர்கள். பள்ளியும் ஆபீஸும் எங்கே அமைகிறது என்று தெரியாமல் வாங்கிய ஃபிளாட், தினம் இரண்டு மணி நேரத்தை டிராஃபிக்கில் தின்னும். வாடகைக்கு இருங்கள். ஆறு மாதம், பத்து மாதம் என்று அட்வான்ஸ் கேட்பார்கள், பேரம் பேசுங்கள். பிறகு வாங்கும்போது வில்லங்கச் சான்று, பட்டா, ரெரா பதிவு மூன்றையும் சொந்தக்காரர் சொன்னார் என்று விட்டுவிடாமல் நீங்களே பாருங்கள்.

• அமெரிக்கக் குடியுரிமை எடுத்துவிட்டு விவசாய நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஓசிஐ வைத்திருப்பவர் விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ வாங்க முடியாது. பொள்ளாச்சியில் பத்து சென்ட் தென்னந்தோப்புக் கனவு இருந்தால் இதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

• யாருக்கும் பொது அதிகாரப் பத்திரம் எழுதித் தராதீர்கள். குறிப்பிட்ட ஒரு சொத்துக்கு, குறிப்பிட்ட ஒரு வேலைக்கு மட்டும் கொடுங்கள். சித்தப்பா நல்லவராகவே இருக்கட்டும். பத்திரம் நல்லவரிடமே தங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

• 401(கே)-யை உடைத்து எடுத்து வராதீர்கள். ஐம்பத்தொன்பதரை வயதுக்கு முன் எடுத்தால் வரியோடு 10 சதவீதம் அபராதமும் போகும். அது அங்கேயே வளரட்டும். இங்கே முழு வரி செலுத்துபவராக ஆனதும், அந்தக் கணக்கின் லாபத்துக்கு வருடா வருடம் வரி கட்டாமல் எடுக்கும்போது கட்டும் சலுகை இந்தியச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அதை உரிய படிவம் கொடுத்துக் கேட்டு வாங்க வேண்டும்.

• அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டுடனோ இருந்தால் இந்திய மியூச்சுவல் ஃபண்டில் எஸ்.ஐ.பி. போடாதீர்கள். அமெரிக்க வரிச் சட்டம் அதைத் தண்டனை போல நடத்துகிறது. லாபத்தைவிட ஆடிட்டர் பில் பெரிதாகும். நீங்கள் மயிலாப்பூரில் குடியிருந்தாலும் அமெரிக்க ரிட்டர்ன் வருடா வருடம் போட்டாக வேண்டும். இந்திய வங்கிக் கணக்குகளின் கூட்டுத்தொகை வருடத்தில் ஒருநாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் எஃப்.பி.ஏ.ஆர். அறிக்கையும் உண்டு. இரண்டு நாட்டு வரியும் தெரிந்த ஆடிட்டரைக் கிளம்புமுன் பிடியுங்கள். குடும்ப ஆடிட்டர் நல்லவர்தான், ஆனால் இது அவர் பாடம் இல்லை.

• ஆர்.என்.ஓ.ஆர். முடிந்த பிறகு வெளிநாட்டுக் கணக்கை ரிட்டர்னில் காட்டாமல் விடாதீர்கள். சட்டப்படி நீங்கள் அவற்றைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம், மறைக்கத்தான் கூடாது. 2015-ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டத்தில் இதற்கு 10 லட்சம் ரூபாய் அபராதம் உண்டு. வரி பாக்கியே இல்லாதவர்கூட இதில் மாட்டலாம்.

• கிரீன் கார்டை அலமாரியில் போட்டு மறக்காதீர்கள். வருடத்துக்கு ஒரு தடவை போய் வந்தால் போதும் என்று நண்பர்கள் சொல்வது ஆபத்தான ஆலோசனை. எங்கே குடியிருக்கிறீர்கள் என்றுதான் அதிகாரி பார்ப்பார். கோபத்தில் திருப்பியும் கொடுக்காதீர்கள். கடந்த 15 வருடத்தில் 8 வருடம் வைத்திருந்தவர் திருப்பிக் கொடுத்தால், வெளியேறும் வரி விதிகள் அவர் மேல் பாயலாம்.

• ஓசிஐ பிள்ளையை வைத்து ‘நீட் எழுதி கவர்மென்ட் காலேஜ்’ என்று கணக்குப் போடாதீர்கள். 2021 மார்ச் 4 அறிவிப்பின்படி ஓசிஐ மாணவர்கள் என்.ஆர்.ஐ. இடங்களுக்குத்தான் போட்டியிட முடியும். அந்தத் தேதிக்கு முன் ஓசிஐ வாங்கியவர்களுக்கு இது பொருந்தாது என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பிள்ளையின் கார்டில் இருக்கும் தேதியை எடுத்துப் பாருங்கள், ஒரு குடும்பத்தின் மொத்தத் திட்டமும் அதில் மாறலாம். படிப்புக்கு மறுபடி அமெரிக்கா என்றால், வெளி மாநில மாணவர் ஃபீஸ்தான் கேட்பார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

• போனஸும் பங்குகளும் கைக்கு வரும் முன் மேனேஜரிடம் வாயைத் திறக்காதீர்கள். கைக்கு வராத ஆர்.எஸ்.யு. நீங்கள் விலகிய நாளோடு போய்விடும். பெங்களூரு கிளைக்கு மாற்றல் கேட்டால் சம்பளம் ரூபாய்க் கணக்கில், புதுப் பேப்பரில் வரும்.

• மிக்ஸி, மைக்ரோவேவ், வாஷிங் மெஷினைக் கன்டெய்னரில் ஏற்றாதீர்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230; மோட்டார் உள்ள சாமான் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும் நீடிக்காது. இரண்டு வருடம் வெளிநாட்டில் இருந்தவருக்கு வீட்டுச் சாமானுக்குச் சுங்கச் சலுகை உண்டு. அதைப் புத்தகம், சைக்கிள், நல்ல பாத்திரம், பிள்ளையின் கட்டில் என்று பழகிய பொருளுக்குச் செலவழியுங்கள்.

• மருந்துகளை விசாரிக்காமல் பையில் போடாதீர்கள். ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைக்கு அங்கே எழுதும் ஆடரால் இந்தியாவில் விற்பனையில் இல்லை, போதைப்பொருள் சட்டத்தின் கீழும் வரும். மெத்தில்ஃபெனிடேட் இங்கே கிடைக்கிறது. மாற்றுவதானால் பழைய டாக்டரிடம் பேசி அங்கேயே மாற்றிப் பாருங்கள்.

• நாயைக் கடைசி வாரத்துக்கு விட்டுவைக்காதீர்கள். உடல்நலச் சான்றும் இந்திய விலங்குத் தனிமைப்படுத்தல் துறையின் அனுமதியும் வேண்டும். இறங்கும் விமான நிலையமும் அதற்கு அனுமதி உள்ளதாக இருக்க வேண்டும். சென்னை அந்தப் பட்டியலில் உண்டு, திருச்சி இல்லை.

• தேதி உறுதியாகும் வரை சொந்தக்காரர்களிடம் சொல்லாதீர்கள். “அமெரிக்காக்காரங்க செட்டில் ஆக வர்றாங்க” என்று காதில் விழுந்த மறுநாளே பிளாட் போடுகிறவர், கைமாற்று கேட்கிறவர், மகனுக்குத் தொழில் வைத்துத் தர ‘பார்ட்னர்’ தேடுகிறவர் என்று வாட்ஸ்அப் நிறைந்துவிடும். சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால், இரண்டு வருடத்துக்குப் பணம் முழுக்க டெபாசிட்டில் பூட்டிக் கிடக்கிறது என்று கணவன் மனைவி இருவரும் ஒரே பதிலைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

• முதல் ஆறு மாதத்தில் “தப்பு பண்ணிட்டோம்” என்று முடிவு கட்டாதீர்கள். கேஸ் இணைப்பு, இன்டர்நெட், ஓட்டுநர் உரிமம், ஆதார் என்று அலைந்தே அந்தக் காலம் போகும். ஆதாரில் ஒரு தனிச் சிக்கல்: இந்திய பாஸ்போர்ட் உள்ளவர் வந்ததுமே விண்ணப்பிக்கலாம், ஓசிஐ.காரர் 12 மாதத்தில் 182 நாள் இங்கே இருந்த பிறகுதான். ஒரு கத்திரியும் ஒரு மழைக்காலமும் ஒரு முழுப் பரீட்சையும் கழியட்டும். ரீ-என்ட்ரி பர்மிட் முடிய நான்கு மாதம் இருக்கும்போது, பிள்ளைகளையும் உட்காரவைத்து, இருப்பதா போவதா என்று பேசுங்கள்.